விடுபட்ட சொல்

நான் ஒரு டைப்பிஸ்ட். அரசு அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதை அடித்துத் தருவதுதான் என் பிழைப்பு. இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நம்ம ஆளுங்க எழுதுவதை இருபது வருஷத்துக்கு மேலாகப் படித்து வருகிறேன். ஏர் பிடிச்சவங்க எழுதியிருக்காங்க. மேளம் அடிச்சவங்க எழுதியிருக்காங்க. குப்பை அள்ளினவங்க எழுதியிருக்காங்க. எழுத்தையே கூலி வேலையாகச் செய்கிறவர்கள் எழுதியதை மட்டும் நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன். கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். அடிக்கிறவளுக்குத் தான் அடிக்கிற சொல்லின் மேல் பொறுப்பு உண்டா, இல்லையா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் பெரியம்மாவிடமிருந்து வந்தது.

விழுப்புரம் பக்கம் எங்க ஊர். நைனா கல்லுடைக்கப் போவார், அம்மா நடவுக்கும் களைக்கும் போகும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், 1997இல், டவுனில் டைப் கிளாசில் சேர்ந்தேன். "டைப்பு அடிச்சா கவர்மெண்டு வேலை" என்று யாரோ நைனாவிடம் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் தமிழ் மெஷினில் உட்கார வைத்து 'யளனகப' என்று நாலு பக்கம் அடிக்கச் சொன்னார் மாஸ்டர். கல்லுடைக்கிறவர் மகளின் விரலும் கணக்குப்பிள்ளை பேத்தியின் விரலும் அங்கே ஒரே சாவியில்தான் விழ வேண்டும். எனக்கு அது பெரிய சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தைப் பார்த்தே "எந்தத் தெரு" என்று கண்டுபிடிக்கிற வாத்தியார் இருந்தார். மெஷின் அடித்த தாளில் தெரு தெரியாது. அது கொடுத்த விடுதலை சின்னதில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

டைப்பு கிளாசில் ஒரு தர்மம் சொல்லிக் கொடுப்பார்கள். "அர்த்தத்தைப் படிக்காதே, எழுத்தைப் பார்." அர்த்தத்தில் மனசு போனால் விரல் தவறும். கொடுத்ததைக் கொடுத்தபடி அடிக்க வேண்டும். ஒரு எழுத்து கூடக் கூடாது, குறையக் கூடாது. ஒரு சொல் விடுபட்டால் மார்க் போகும். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை வேகம் வேண்டும். தமிழ் லோயர், ஹையர் இரண்டிலும் முதல் வகுப்பில் தேறினேன். வேலை மட்டும் வரவில்லை. தாலுக்கா ஆபீசுக்கு எதிரே இருந்த ஒரு ஜாப் டைப்பிங் கடையில் சேர்ந்தேன். கடையில் மெஷின் இரண்டு, கம்ப்யூட்டர் ஒன்று. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கடைக்காரர் வாங்குவார், எனக்கு மாசம் ஒரு தொகை.

பட்டா மாற்றம், சாதிச் சான்று, முதியோர் பென்ஷன், போலீஸ் ஸ்டேஷன் புகார் எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு மாதிரி உண்டு. கடைக்காரர் அதை 'பார்மெட்' என்பார். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், 'நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்', கடைசியில் 'சமூகம் அவர்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்'. கம்ப்யூட்டர் வந்த பிறகு இன்னும் சுலபம். பழைய புகாரைத் திறந்து, பேரை மாற்றி, தேதியை மாற்றினால் புதுப் புகார் தயார்.

2001ஆம் வருஷம், மல்லாட்டை அறுவடைக் காலம். பெரியம்மா கடைக்கு வந்தது. மல்லாட்டை ஆய்ந்த கூலியை அளக்கும்போது அளவு குறைந்ததைக் கேட்டிருக்கிறது. நிலத்துக்காரர் களத்திலேயே, பத்துப் பேர் பார்க்க, சாதிப் பேரைச் சொல்லித் திட்டி, கூடையை எட்டி உதைத்து, கழியால் முதுகில் அடித்திருக்கிறார். பெரியம்மா முதுகைக் காட்டவில்லை. அந்தச் சொல்லைத்தான் முதலில் சொன்னது. "இன்னான்னு சொன்னான் தெரியுமா? எயுதிக்கோ" என்று, அந்தாள் சொன்னபடியே, அவன் இழுத்த மாதிரியே இழுத்துச் சொன்னது. கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அடித்தேன். பார்மெட்டில் ஏற்கனவே ஒரு வரி இருந்தது: 'தகாத வார்த்தைகளால் திட்டி, கழியால் தாக்கினார்'. அதை அப்படியே விட்டேன்.

ஏன் விட்டேன்? இருபத்து மூன்று வருஷத்துக்கு மேல் இதை யோசித்திருக்கிறேன். பார்மெட்டில் இருந்தது என்பது பாதி உண்மை. மீதி உண்மை, அந்தச் சொல்லை அடிக்க என் விரல் போகவில்லை. அது என்னுடைய பேரும்தான். கடையில் உட்கார்ந்திருந்த மற்ற ஆட்களுக்கு என் தெரு தெரியாது. மெஷின் மறைத்துக் கொடுத்த தெருவை நானே அடித்துக் காட்ட வேண்டுமா என்று கூசினேன். பெரியம்மா பட்ட அவமானத்தை என் கூச்சத்துக்காகத் துடைத்துப் போட்டேன். அதற்கு நான் வைத்துக்கொண்ட பேர் 'மரியாதையான நடை'.

ஸ்டேஷனில் வழக்குப் போட்டார்கள். அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294 (பி), 323 பிரிவுகள். ஆபாசமாகத் திட்டியது, காயம் உண்டாக்கியது. அவ்வளவுதான். தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினர் மீதான வன்கொடுமை தடுப்புச் சட்டம், 1989இல் வந்தது, அதன் பக்கமே போகவில்லை. அந்தச் சட்டத்தின் 3(1)(10) பிரிவுதான் அப்போது இதற்குப் பொருந்தும். பொது மக்கள் பார்வையில் படும் இடத்தில், அவமானப்படுத்தும் எண்ணத்தோடு இழிவுபடுத்துவது குற்றம் என்றது அது. அந்தப் பிரிவு போட்டிருந்தால், 1995ஆம் வருஷத்து விதிகளின்படி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வந்து விசாரிக்க வேண்டும். நிவாரணத் தொகை உண்டு. ஆனால் புகாரில் சாதிப் பேர் சொன்னதாக எங்கேயும் இல்லை. 'தகாத வார்த்தை' என்று இருந்தது. தகாத வார்த்தைக்கு என்ன சாதி?

இயக்கத் தோழர் ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு, இன்னொரு மனு கொடுக்க வைத்தார். அதில் சொல்லை எழுதினோம். "முதல் புகாரில் இல்லாததை இப்ப ஏன் சேக்குறீங்க? யாரோ சொல்லிக் குடுத்து எழுதுறீங்க" என்றார்கள். வன்கொடுமை வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதல் தகவலில் விடுபட்டது பிறகு வந்தால் அது 'பின்யோசனை'. பின்யோசனை பண்ணினது நான் இல்லை. முன்பு மறைத்தது நான். பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசினார்கள். வழக்கு அப்படியே அடங்கிப் போனது.

பெரியம்மா என்னைத் திட்டவில்லை. "நீ படிச்ச புள்ள. நான் சொன்னது அதுல இருக்குன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னது. அதற்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து இடத்தில் கைநாட்டு வைத்தது. தான் சொல்லாததுக்குக் கீழே, தான் சொன்னதாக நம்பி, விரலை அழுத்தியது. பஞ்சமி நிலம் போன கதையைக் கூட்டத்தில் பேசுகிறோம். 1892இல் கொடுத்த நிலம் எப்படிப் போச்சு? வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கியவன் கதையைச் சொல்கிறோம். நான் வாங்கினது வெள்ளைத் தாளில் இல்லை. இரண்டு ஓரமும் அழகாக வெட்டி நிறுத்தின, மார்ஜின் விட்ட, அச்சடித்த தாளில். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு நான் கடையை விட்டேன். கல்யாணம், பிள்ளைகள். ரொம்பக் காலம் கழித்து, குரூப் 4 தேர்வு எழுதி டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. வேலைக்கு வந்தவர்களில் கம்ப்யூட்டர் சான்றிதழ் இல்லாதவர்கள் தகுதிகாண் காலத்துக்குள் அதை வாங்க வேண்டும். சி.ஓ.ஏ. என்பார்கள். ஆபீஸ் ஆட்டோமேஷன். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற தேர்வு. எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறையும் உண்டு. 2014இல், முப்பத்தைந்து வயசில், சின்னப் பிள்ளைகளோடு ஒரு இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்தேன். சொல்லிக் கொடுத்த தம்பிக்கு என்னைவிடப் பத்து வயசு கம்மி. "அக்கா, மொதல்ல அடிச்சிருங்க. அலங்காரம் அப்பறம்" என்று ஆரம்பிப்பார்.

அலங்காரம் என்று அவர் சொன்னது பார்மேட்டிங். போல்ட், இடாலிக், அண்டர்லைன். இடப்பக்கம் சேர்க்க கன்ட்ரோல் எல், நடுவில் வைக்க கன்ட்ரோல் இ, வலப்பக்கம் கன்ட்ரோல் ஆர், இரண்டு ஓரமும் நேராக்க கன்ட்ரோல் ஜே. வரிகளுக்கு நடுவே இடைவெளி, பத்திக்கு முன்னால் இடம் விடுவது, டேபிள், மெயில் மெர்ஜ். நாற்பது பேருக்கு ஒரே கடிதம், பேர் மட்டும் வேறே. பழைய கடையில் நாங்கள் கையால் செய்ததை மெஷினே செய்கிறது.

கன்ட்ரோல் ஜேக்குப் பேர் ஜஸ்டிஃபை. கூடப் படித்த ஒரு பெண் டிக்‌ஷனரியைப் பார்த்துவிட்டு, "சார், நியாயப்படுத்துறதுன்னு போட்டிருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதைத் தமிழில் அடித்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். தமிழ்ச் சொல் நீளம். வரியின் கடைசியில் இடம் போதாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். ஓரத்தை நேராக்க வேண்டும் என்பதற்காக மெஷின் மிச்சமிருக்கிற சொற்களை இழுத்து நிறுத்தும். இரண்டு ஓரமும் சுவர் மாதிரி நேராக இருக்கும். உள்ளே சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு மாடு போகிற அளவு சந்து இருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒழுங்கு தெரியும். படிக்கிறவருக்குத்தான் ஓட்டை தெரியும்.

இன்னொன்று கற்றுக்கொண்டேன். பத்தி தொடங்குகிற இடத்தில் நான் பழைய பழக்கத்தில் ஸ்பேஸ் பாரை ஐந்து தரம் தட்டுவேன். அந்தத் தம்பி ஒரு பொத்தானை அழுத்திக் காட்டினார். பக்கம் முழுக்கப் புள்ளியும் அம்புக்குறியும், பத்தி முடிகிற இடத்தில் ஒரு கொக்கியும் தெரிந்தன. "இதெல்லாம் பிரிண்ட்ல வராதுக்கா. ஆனா பக்கம் நிக்கிறது இதுலதான்" என்றார். நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்க ஊரில் சாதியும் அப்படித்தான். அச்சில் வராது. டீக்கடையில் ஒரே கிளாஸ்தான் என்பார்கள். பஸ்ஸில் யாரும் கேட்பதில்லை என்பார்கள். அந்தப் பொத்தானை அழுத்துகிற மாதிரி, கூலி அளவு குறைந்ததைக் கேட்கிற ஒரு நேரம் வர வேண்டும். அப்போது புள்ளிபுள்ளியாகப் பூரா தெரியும். பெரியம்மா களத்தில் அந்தப் பொத்தானை அழுத்தியது. நான் கடையில் உட்கார்ந்து திரும்ப மறைத்தேன்.

தோழர்களிடம் இதைப் பேசியிருக்கிறேன். ஒரு தோழர் சொன்னார்: "மனு என்கிற வடிவமே ஆண்டைக்காகச் செய்தது. பணிவுடன், தாழ்மையுடன், சமூகம் அவர்கள்... இந்த பாஷையில நம்ம வலி நுழையாது. கிழிச்சிப் போடணும்." பேச்சுக்கு நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் கிழித்துப் போட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் நின்று கத்தினால் எஃப்.ஐ.ஆர். வராது. எழுத்து நமக்கு மறுக்கப்பட்டது. இப்போது எழுத்தே வேண்டாம் என்று நாமாகச் சொன்னால், மறுத்தவனுக்கு வேலை மிச்சம். பரம்பரைக் கணக்குப்பிள்ளை பதவி தமிழ்நாட்டில் 1980இல்தான் ஒழிந்தது. அதுவரை யாருடைய நிலம் யாருடையது என்று எழுதுகிற பேனா குறிப்பிட்ட வீடுகளிலேயே இருந்தது. அந்தப் பேனாவுக்கு எதிராக நம்ம முன்னோர்கள் எழுதாமல் இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்று பத்திரிகைக்கே பேர் வைத்தார். என் விரல் கூசிய இடத்தில் அவர் தலைப்பே போட்டார், அதுவும் நூறு வருஷத்துக்கு முன்னால். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் மேல்சாதிக்காரர்கள் கையில்தான் அதிகாரம் போகும் என்று அவர் ஆயிரக்கணக்கான கையொப்பங்களோடு இங்கிலாந்துப் பார்லிமென்டுக்கு மனு அனுப்பினார். மனு என்ற வடிவத்தை அவர் கிழிக்கவில்லை. அதற்குள் தன் சொல்லை வைத்தார்.

இன்னொரு தோழர் எதிர்ப்பக்கம் நின்றார். "டைப்பிஸ்ட் ஒரு கருவி. பேனா மாதிரி. பேனா பொறுப்பேற்குமா?" இது எனக்கு வசதியான பதில். ஆனால் இதை ஏற்றுக்கொண்டாலும் நான் தப்ப முடியாது. பேனா சொன்னதை எழுதும். நான் சொன்னதை எழுதவில்லையே! டைப்பு கிளாஸ் சொன்ன தர்மத்தைக்கூட நான் காப்பாற்றவில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடி அடி என்றது அது. பரீட்சைத் தாளில் ஒரு சொல் விடுபடாமல் அடித்து முதல் வகுப்பு வாங்கியவள், பெரியம்மா தாளில் ஒரு சொல்லை விட்டேன். அதற்கு மார்க் குறைக்க எந்த எக்ஸாமினரும் வரவில்லை.

அம்பேத்கர் கதையை எல்லோரும் படித்திருப்பீர்கள். 1936இல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டலத்தின் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைத்தார்கள். உரையைப் பார்த்துவிட்டுச் சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்றார் அவர். மாநாடு நின்றது. உரையைத் தன் செலவில் அச்சடித்து வெளியிட்டார். இதில் நான் கவனிப்பது ஒன்று. அவர் அச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. உரை ஒழுங்காக அச்சாகியிருந்தது. பத்தி பிரித்து, எண் போட்டு, சட்டம் படித்தவருடைய சீரோடு இருந்தது. அவர் கோட்டுப் போட்டதைக் கேலி பண்ணுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கோட்டு அவர் உடம்பை மறைக்கவில்லை; யார் வந்திருக்கிறார் என்று பார்க்க வைத்தது. வடிவம் என்பது அந்தக் கோட்டு. போட்டுக்கொள்ளலாம், நல்லாத் தைத்தே போட்டுக்கொள்ளலாம். உள்ளே ஆள் இருக்க வேண்டும்.

அவருக்கும் ஒரு டைப்பிஸ்ட் இருந்தார். நானக் சந்த் ரத்து. பகலில் அரசு வேலை, அது முடிந்த பிறகு டெல்லியில் அம்பேத்கர் வீட்டுக்குப் போய் அவர் எழுதியதை அடித்துக் கொடுப்பார். 'புத்தரும் அவர் தம்மமும்' என்கிற புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி அவர் விரல் வழியாக வந்தது. 1956 டிசம்பரில் அம்பேத்கர் போய்விட்டார். புத்தகம் அடுத்த வருஷம் வந்தது. ரத்து தன் பங்குக்கு எதையாவது 'மரியாதைப்படுத்தி' இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. பெரிய மனிதர் சொல்லை மாற்ற யாருக்கும் துணிச்சல் வராது. கைநாட்டு வைக்கிற பெரியம்மா சொல்லை மாற்ற யாருக்கும் துணிச்சலே தேவைப்படாது. என் கேள்வியே இங்கேதான் இருக்கிறது. கொடுத்தபடி அடிப்பது என்பது தட்டச்சு விதி மட்டுமில்லை. யாருடைய சொல்லுக்கு அதைச் செய்கிறோம், யாருடைய சொல்லுக்குச் செய்வதில்லை என்பதில் சாதி இருக்கிறது.

சரி, கொடுத்தபடி அடித்துவிட்டால் கடமை முடிந்ததா? அதுவும் இல்லை என்று வேலைக்கு வந்த பிறகு தெரிந்தது. ஒருநாள் மேலதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்று வாயால் சொல்லச் சொல்ல, நான் ஓர் அறிக்கை அடித்துக்கொண்டிருந்தேன். நடுவில், 'காலனி மக்கள் வீண் தகராறில் ஈடுபட்டதால்' என்றார். மேஜையில் இருந்த விசாரணைக் குறிப்பில் அப்படி இல்லை. பாதை கேட்டார்கள் என்றுதான் இருந்தது. இங்கே கொடுத்தபடி அடி என்கிற தர்மம் என்னை எங்கே கொண்டு விடும்? அவர் சொல்லை மாற்ற எனக்கு உரிமை இல்லை. மாற்றினால் அது பொய் ஆவணம். மாற்றாமல் அடித்தால் நாற்பது குடும்பத்தின் மேல் ஒரு பொய் விழும். விரலை எடுத்துவிட்டு, "சார், வரைவ உங்க கையால எழுதிக் குடுத்துருங்க, பாத்து அடிச்சிடுறேன்" என்றேன். அவர் முகம் மாறியது. "வாயால சொன்னா அடிக்க மாட்டியாம்மா?" என்றார். "தப்பு வந்துரும் சார்" என்றேன். அவர் பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தார். எழுதினதில் 'வீண் தகராறு' இல்லை. 'பாதை கோரி' என்று இருந்தது. வாயால் சொல்ல முடிந்ததை, தன் கையால் எழுத அவருக்கு முடியவில்லை.

நான் பெரிய வீரம் பண்ணிவிட்டதாகச் சொல்லவில்லை. அடுத்த தரம் அவர் எழுதியே கொடுத்திருந்தால் நான் அடித்துத்தான் இருப்பேன். சம்பளத்துக்கு இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிந்தது. பொறுப்பு என்பது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நழுவிக்கொண்டே போகும். சொன்னவர் "அடிச்சது அவ" என்பார். அடித்தவள் "சொன்னது அவர்" என்பாள். நடுவில் தாள் மட்டும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நழுவுகிற அந்த இடத்தில் விரலை எடுத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பது டைப்பிஸ்டால் முடியும்.

அப்படியானால் நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவள்? எழுதிக் கொடுத்தவருக்கா, சம்பளம் கொடுப்பவருக்கா, தேர்வு வைப்பவருக்கா? நான் வந்து சேர்ந்த இடம் இது: அந்தத் தாளால் யாருடைய வாழ்க்கை மாறுமோ, அவருக்கு. பெரியம்மா புகாரில் அது பெரியம்மா. அதனால் அதன் சொல்லை நான் தொட்டிருக்கக் கூடாது. அதிகாரியின் அறிக்கையில் அது காலனி மக்கள். அதனால் அர்த்தத்தைப் படிக்காமல் நான் அடித்திருக்கக் கூடாது. ஒரு இடத்தில் கொடுத்தபடி அடி, இன்னொரு இடத்தில் நின்று கேள் என்று இரண்டு நியாயம் பேசுவதாகத் தோன்றும். இரண்டும் ஒரே நியாயம்தான். பாதிக்கப்படப் போகிறவர் பேச முடியாத இடத்தில், தாளைக் கடைசியாகத் தொடுகிற கை என்னுடையது.

சி.ஓ.ஏ. செய்முறைத் தேர்வில் கொடுத்திருந்த மாதிரிப்படி எல்லாம் செய்தேன். தலைப்பு நடுவில், தடித்த எழுத்தில். டேபிளுக்குக் கோடு. மார்ஜின் சொன்ன அளவில். தேறிவிட்டேன். அந்தத் தேர்வைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அது கேட்டது வடிவத்தை. வடிவம் நமக்கு வேண்டும். நம்ம பிள்ளைகள் இந்தச் சான்றிதழை வாங்க வேண்டும், டைப்பு லோயரும் ஹையரும் முடிக்க வேண்டும். தேர்வு கேட்காததை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்க தெருவில் மனு எழுதித் தருகிறேன். கூடவே நாலு பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். இந்தப் பழக்கம் வையுங்கள் என்று அவர்களிடம் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். வந்தவர் சொல்வதை முழுக்கக் கேள், அப்புறம் பார்மெட்டைத் திற. திட்டின சொல்லை அப்படியே, மேற்கோள் குறிக்குள், போடு. 'தகாத வார்த்தை' என்று ஒருநாளும் போடாதே. எந்த இடம், யார் யார் பார்த்தார்கள் என்று எழுது. புகார் கொடுப்பவர் என்ன சாதி, எதிர்த்தரப்பு என்ன சாதி என்று எழுது. வன்கொடுமைச் சட்டத் திருத்தம் 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த பிறகு, சாதிப் பேர் சொல்லித் திட்டுவதற்கு 3(1)(எஸ்) என்று தனிப் பிரிவே இருக்கிறது. பழைய 10ஆம் பிரிவு இப்போது 3(1)(ஆர்). 2024 ஜூலையிலிருந்து தண்டனைச் சட்டத்தின் எண்களும் மாறிவிட்டன. எண் தெரியாவிட்டால் பரவாயில்லை, சொல் இருந்தால் போதும். எண்ணை வக்கீல் பார்த்துக்கொள்வார். சொல் இல்லாவிட்டால் எந்த எண்ணும் வந்து நிற்காது. அடித்து முடித்ததும் வாய்விட்டுப் படித்துக் காட்டு. "நான் சொன்னது இதுதான்" என்று அவர் சொன்ன பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ.

படித்துக் காட்டும்போது அந்தச் சொல் வரும் இடத்தில் இன்னமும் என் குரல் ஒரு நொடி தடுக்கும். பிள்ளைகளுக்கும் தடுக்கும். தடுக்கட்டும். கூசுகிறது என்பதற்காக அதைத் தாண்டிப் போகக் கூடாது. அது நம்ம வாயிலிருந்து வந்த சொல் இல்லை. சொன்னவன் பேரில் அதை எழுதி வைக்கிறோம்.

பெரியம்மா இறந்து சில வருஷம் ஆகிறது. அந்தப் பழைய புகாரின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது, கார்பன் தாளில் எடுத்தது. சி.ஓ.ஏ. தேறின வாரத்தில் ஒருநாள் ராத்திரி அதைக் கம்ப்யூட்டரில் திரும்ப அடித்தேன். வேறெதையும் மாற்றவில்லை. 'தகாத வார்த்தைகளால்' என்ற இடத்தில் மட்டும், அது எனக்குச் சொன்ன சொல்லைச் சொன்னபடி அடித்தேன். யாருக்கும் அனுப்புவதற்கு இல்லை. அதற்கு இனி எந்த ஸ்டேஷனிலும் ரசீது கிடையாது. அடித்து முடித்ததும், வழக்கம்போல, வாய்விட்டு ஒருதரம் படித்தேன்.